கண்ணாடித் தட்டில் நான்காம் எண்

என் வயிற்றுக்குள் ஒன்றேகால் லிட்டர் இரத்தம் கொட்டிக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். அதில் பெரும்பகுதி என்னுடையது அல்ல. முகம் தெரியாத யார் யாரோ எங்கெங்கோ படுத்துக்கொண்டு கையை நீட்டிக் கொடுத்தது. இரவல் இரத்தத்தில் வாழ்கிறவள் நான். அந்த இரவலையும் ஒரு சனிக்கிழமை காலையில் உள்ளுக்குள்ளேயே கொட்டிவிட்டேன்.

என் பெயர் யோகேஸ்வரி. வயது இருபத்தெட்டு. மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கம் உலு திராமில் வீடு, தெப்ராவில் வேலை. மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பழுதான சர்க்யூட் பலகைகளைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் பிரிவின் வேலை. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கிய ஒரே ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்கு இரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகிறேன். அங்கே என்னைப் போலவே பையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் இளம் பெண்கள் கேட்கிறார்கள். "யோகாக்கா, அந்தக் கருவைச் சோதிச்சி வைக்கிற கிளினிக்குக்குப் போலாமா? ரொம்ப வலிக்குமா?" ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். இப்போது காய்ச்சல் இல்லை. அடுத்த ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

முதலில் நோய். தலசீமியா ஒட்டுவதில்லை. இரத்தத்தின் சிவப்பைச் செய்ய உடம்புக்கு ஒரு குறிப்பு வேண்டும். அது அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு படிகளாக வருகிறது. ஒரு படி மட்டும் பழுதாக இருந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, ஓடியாடி வேலை செய்யலாம். அப்படிப்பட்டவரைக் கேரியர் என்பார்கள். இரண்டு படியும் பழுதானால் என்னைப் போல. இரண்டு வயதிலிருந்து மற்றவர் இரத்தம். அந்த இரத்தம் சும்மா வருவதில்லை, இரும்பையும் கொண்டுவருகிறது. இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அதை வெளியேற்ற, வாரத்தில் ஐந்து இரவு வயிற்றில் ஊசியைக் குத்தி ஒரு சின்ன பம்ப்போடு தூங்க வேண்டும். என் சிறுவயது முழுக்க அப்படித்தான். மாத்திரை பிறகுதான் வந்தது.

என் தங்கை பவானிக்கும் இதே நோய். இரும்பு அவள் இதயத்தை எடுத்துக்கொண்டது. அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினொன்று.

நான் கற்றுக்கொண்ட முதல் மலாய்ச் சொல் 'சாக்கிட்'. மலாயில் அதற்கு நோய் என்றும் பொருள், வலி என்றும் பொருள். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மிஸ்ஸிகள் ஊசியை ஏற்றுவதற்கு முன்னால் "சாக்கிட் சிக்கிட், யா" என்பார்கள். கொஞ்சம்தான் வலிக்கும், சரியா. சிக்கிட் என்றால் கொஞ்சம். ஒருநாளும் அது கொஞ்சமாக இருந்ததில்லை. ஏழெட்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காமல், என் காலையும் தோளையும் இரண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். நான் எச்சில் துப்புவேன். பவானி துப்ப மாட்டாள். கத்திக் கத்தி நீலமாவாள்.

எங்கள் நோய் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தது என்று டாக்டர் சொன்ன நாளில் அப்பா வெளியே வந்தார். "என் ரத்தத்துல கொறையா?" என்று கேட்டார். பிறகு ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில், எல்லாரும் பார்க்க, குடைக் கம்பி வளையும்வரை அம்மாவை அடித்தார். அன்று மழை. வளைந்த குடையை விரிக்க முடியாமல் நனைந்துகொண்டேதான் பஸ் ஏறினோம். "சாவப்போற புள்ளைங்களுக்குப் படிப்பு எதுக்கு?" என்று அவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் வார்டுக்குள்ளேயே ஒரு வகுப்பறை இருந்தது. அதன் ஆசிரியை அப்பாவிடம் அனுமதி கேட்கவே இல்லை. கையில் ஊசியோடு பெருக்கல் வாய்பாடு படித்தேன். பிறகு அம்மா துணிந்து என்னை வெளிப் பள்ளியில் சேர்த்தாள். அதற்கும் அடி வாங்கினாள். அப்பா இப்போது இல்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் இந்தக் கதையில் மறுபடி வருவார்.

குமரேசன் என் தாய்மாமன் மகன். முறைப் பையன். சிங்கப்பூருக்கு மோட்டாரில் போய்வரும் வெல்டர். சின்ன வயதிலிருந்து வாடா போடா என்று பேசிப் பழகியதால் கல்யாணத்துக்குப் பிறகும் 'குமரா' என்றுதான் கூப்பிடுகிறேன். அது அவன் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, காதில் ஈயம் ஊற்றியது மாதிரி. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவன் இரத்தத்தைச் சோதிக்கவில்லை. பள்ளியில் நான்காம் படிவத்தில் எல்லாருக்கும் சோதித்த நாளன்று அவன் வேலி தாண்டி ஓடிவிட்டானாம். "எருமக்கடா மாதிரி இருக்கான், இவனுக்கு என்ன வந்துச்சு?" என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்தார்கள். படித்தவள் நானும் சும்மா இருந்தேன். அவன் வேண்டாம் என்று ஒரு தாள் சொல்லிவிடுமோ என்ற பயம். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவன் கேரியர். எனக்கு இரண்டு படியும் பழுது, அவனுக்கு ஒன்று. எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி என்னைப் போல இருக்கும்.

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கிளினிக்கில் வழி இருக்கிறது என்றார்கள். முட்டைகளை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் கருவாக்கி, ஐந்து நாள் வளர்த்து, அதிலிருந்து நாலைந்து அணுக்களைக் கிள்ளிச் சோதிப்பார்கள். கருவை உறைய வைப்பார்கள். நோய் இல்லாததைப் பிறகு கர்ப்பப்பையில் வைப்பார்கள். முதல் நாள் அத்தையும் வந்தாள், மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு. டாக்டர் சீனப் பெண்மணி, சுருக்கமாகப் பேசுகிறவர். கோப்பைப் புரட்டி, "ஓகே, ஹஸ்பண்ட் கேரியர்" என்றார்.

அத்தை கேரியரைத் தூக்கிக் காட்டினாள். "ஆமா டாக்டர், அவனுக்குத்தான் கொண்டாந்தேன். கோழிப் பெரட்டல். ஒங்களுக்கும் வைக்கவா?"

குமரன் சிரிக்க ஆரம்பித்தான், டாக்டரும் சிரித்துவிட்டார். நான் விளக்கினேன். விளக்கியதும் அத்தையின் முகம் கறுத்தது.

"எம் மவன் கேரியரா? எங்கப்பன் வீட்டுல ஒருத்தனுக்கும் கெடையாது. எல்லாம் ஒங்கம்மா வீட்டு ரத்தம்."

"எங்கம்மா வீட்டு ரத்தம்தான் மாமா ஒடம்புலயும் ஓடுது, அத்தை. அண்ணன் தங்கச்சிதானே. நீங்க அந்த ரத்தத்தைத்தானே கட்டிக்கிட்டீங்க?"

"வாயப் பாரு. படிச்ச வாயி லா." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "அதான் பொறுக்கி எடுக்குறீங்களே, அப்படியே ஆம்பளப் புள்ளையா பாத்து எடுங்க. கொஞ்சம் செவப்பா. இவ அளவுக்குக் குட்டையா வேணாம்."

"தா போலே, ஆன்ட்டி" என்றார் டாக்டர். முடியாது. ஆணா பெண்ணா என்று பார்த்துப் பொறுக்க இங்கே அனுமதி இல்லை. நிறம், உயரம், மூளை இதையெல்லாம் சொல்லும் சோதனை அவரிடம் இல்லை. "நாங்கள் நோயை மட்டும்தான் விலக்குவோம்."

அத்தை கேட்டது எதுவும் நடக்காது என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நோயை மட்டும்தான் என்ற சொல் என் காதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த நோய் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

இதயத்தைப் படம் எடுத்தார்கள், கல்லீரலைப் படம் எடுத்தார்கள். கர்ப்பம் தாங்கும் என்று மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு பதினொரு நாள் வயிற்றில் ஊசி. எப்போதும் ஒன்றிரண்டு முட்டை முதிர்கிற இடத்தில் ஒரு குலையே முதிரட்டும் என்று மருந்தால் அடித்து எழுப்புகிறார்கள். பெண்ணுறுப்பு வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி, முட்டைப்பையைக் குத்திக் குத்தி உறிஞ்சுகிறார்கள். மயக்கம் கொடுப்பதால் அப்போது தெரியாது. பதினான்கு முட்டை. "நல்ல அறுவடை" என்றாள் ஒரு மிஸ்ஸி.

மறுநாள் சனிக்கிழமை. தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். தோள்பட்டையில் யாரோ கத்தி செருகியது போல இருந்தது. வயிற்றில் இரத்தம் தேங்கினால் தோளில் வலிக்கும் என்பது எனக்குப் பிறகு தெரிந்த பாடம். உங்களுக்கு முன்னாலேயே தெரியட்டும். தோள் வலித்தால் படுத்துப் பார்க்காதீர்கள், ஓடுங்கள். நான் படுத்துப் பார்த்தேன். எழுந்தபோது சுவர் சாய்ந்தது. என் வாய் சமையலறைத் தரையில் மோதி முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது.

குமரன் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. காரில் போட்டுக்கொண்டு தெப்ராவ் சாலையில் ஹார்னை முஷ்டியால் குத்திக் குத்திக் கத்தினான். வழிவிடாத ஒரு வேனின் பக்கக் கண்ணாடியை எங்கள் கார் உரசிப் பிடுங்கிக்கொண்டு போனது. அவசரப் பிரிவில் என் சட்டையைக் கத்தரியால் கிழித்தார்கள். இரண்டு கையிலும் நரம்பு சுருங்கிப்போயிருந்தது. கழுத்தில் குத்தினார்கள். என் தலையை யாரோ பக்கவாட்டில் அழுத்த, நான் அந்தக் கையைக் கடித்தேன். இரத்தச் சுவை வந்தது. அது என் உடைந்த பல்லினுடையதா, அந்தக் கையினுடையதா, எனக்குத் தெரியாது. பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று விசாரித்தேன். யாரும் கையைக் காட்டவில்லை.

எனக்குச் சட்டென்று எந்த இரத்தத்தையும் ஏற்ற முடியாது. இத்தனை வருடம் அந்நிய இரத்தம் ஏறியதால் என் உடம்பு அவற்றில் சிலவற்றை எதிரியாக அடையாளம் வைத்திருக்கிறது. பொருத்தமான பை வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும். அது வரும்வரை குமரன் என் பாதங்களை உயர்த்தித் தன் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். பாதம் சில்லிட்டிருந்ததால் தாடையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். வயிற்றில் மூன்று துளை போட்டு இரத்தத்தை உறிஞ்சி, கசியும் இடத்தைச் சுட்டு அடைத்தார்கள்.

அத்தையைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் கறுப்பாக வாந்தி எடுத்தபோது தட்டு எட்டவில்லை, அவள் தன் இரண்டு கைகளையும் ஏந்தினாள். முகம் சுளிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "ஒழுங்கா சோறு தின்னா இதெல்லாம் வருமா?" என்று திட்டினாள். தினமும் உலு திராமிலிருந்து அந்தக் கேரியரோடு பஸ்ஸில் வந்தாள்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் காய்ச்சல் அடித்துத் தூக்கிப் போட்டது. உள்ளே தங்கியிருந்த பழைய இரத்தம் சீழ் பிடித்திருந்தது. மறுபடி அதே வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். இடுப்பில் ஒரு குழாய். அது வழியாகப் பாலில் தேயிலை கலந்த நிறத்தில் ஏதோ ஒன்று பைக்குள் சொட்டியது. மருந்து நரம்பில் ஏறும்போது கை எரியும். விரல்களை மடக்கி மடக்கி விரிப்பேன், அதனால் எதுவும் குறையவில்லை.

அங்கே இருந்த ஐந்தாம் நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், குமரன் கிளினிக்கிலிருந்து வந்தான். கையில் ஒரு கோப்பு. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேரியரின் மேல் அடுக்கைத் திறந்து சூடான ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வந்துருச்சு" என்றான். "நாலு கரு தேறியிருக்கு. ஒண்ணாம் நம்பர் வளராது, அது வேற கோளாறு. ரெண்டும் மூணும் என்னைப் போல, கேரியர். வைக்கலாம்னு சொல்றாங்க."

"நாலு?"

அவன் கோப்பைப் பார்த்தான். "நாலு ஒன்ன மாதிரி."

தாளைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் நான்தான் படிப்பேன், எல்லாருக்கும் பழக்கம். நான்கு கருக்களின் வளர்ச்சிக்கும் தரம் போட்டிருந்தார்கள். என் தொழில் அதுதானே, கண் நேராக அந்தக் கட்டத்துக்குப் போனது. வடிவத்திலும் வளர்ச்சியிலும் நான்காம் எண்ணுக்குத்தான் முதல் தரம். இரண்டும் மூன்றும் அதற்கு அடுத்தபடி. அடியில் இன்னொரு தாள். நான்காம் எண்ணை அகற்றச் சம்மதம். காரணம் என்ற இடத்தில் கிளினிக் குமாஸ்தா கையால் எழுதியிருந்தார்: 'எம்பிரியோ சாக்கிட்'. கணவன் என்ற இடத்தில் குமரனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"நீ போட்டுட்ட."

"போடச் சொன்னாங்க. நீயும் போட்டாத்தான் செல்லும். அதான் கொண்டாந்தேன்."

"என்ன மாதிரின்னா தூக்கிப் போட்றலாமா? என்ன மாதிரி இருக்கறது ஒனக்கு அவ்ளோ லேசாப் போச்சா?"

"யோகா, கத்தாத. குழா இழுக்கும்."

"டிப்ளோமா வாங்கியிருக்கேன்டா. முப்பது பேரு என் கீழ வேல செய்றாங்க. ஒன்ன விட அதிகமா படிச்சது இந்த நாலாம் நம்பரு! இத எங்க போடுவாங்க, ஆஸ்பத்திரிக் குப்ப போடுற மஞ்சப் பையிலயா?"

அத்தை ரசத்தை ஆற்றுவதை நிறுத்தவில்லை. நிதானமாகச் சொன்னாள். "என்னமோ புதுசா கேக்குற. ஒன் வேலையே அதானே? ஃபேக்டரில ஓட்ட ஒடசலப் பாத்து செவப்புப் பெட்டில வீசுறவதானே நீ? அதுக்குத்தானே ஒனக்கு சம்பளம்?"

நான் அத்தையைத்தான் அடிக்கப் போனேன் என்று நினைக்கிறேன். கேரியரின் பிடியைப் பற்றி வீசினேன். அது குமரன் முகத்தில் பட்டது. எவர்சில்வர் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. ரசம் அவன் கழுத்தில் கொட்டி, அவன் கத்தினான். அடுக்குகள் ஒவ்வொன்றாக வார்டின் நீளத்துக்கு உருண்டு ஓடின. நான் நிறுத்தவில்லை. கோப்பால் அடித்தேன், தலையணையால் அடித்தேன், கொலைகாரா என்று கத்தினேன். கை ஊசி பிய்ந்து இரத்தம் படுக்கையிலும் சுவரிலும் தெறித்தது. எவளோ ஒரு புண்ணியவதி கொடுத்த இரத்தம். இடுப்புக் குழாய் பாதி வெளியே வந்துவிட்டது. அத்தை குறுக்கே வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். நான் அவள் மயிரைப் பிடித்தேன், அவளும் என் மயிரைப் பிடித்தாள்.

"அலமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டுக்கொண்டு ஓடிவந்தாள் வார்டு மிஸ்ஸி. எங்கள் மூவரிடமும் எப்போதும் இனிப்பாகப் பேசுகிற மலாய் அக்கா. காவலாளி வந்தார். என் கைகளை இரண்டு பேர் அமுக்கினார்கள். சிறுவயதில் அமுக்கியது போலவே. நானும் சிறுவயதில் செய்தது போலவே துப்பினேன்.

குமரனுக்கு நாலு தையல். கீழே அவசரப் பிரிவில், நான் மூன்று வாரத்துக்கு முன் கிடந்த அதே அறையில் போட்டார்களாம். எனக்குக் குழாயை மறுபடி வைத்தார்கள். "சாக்கிட் சிக்கிட், யா" என்றாள் அந்த மிஸ்ஸி. இந்தமுறை அவள் குரலில் இனிப்பு இல்லை.

நான் வருந்தவில்லை. அன்றும் இல்லை, மறுநாள் காலையிலும் இல்லை. நான்காம் எண்ணை வைத்தே தீருவேன், டாக்டர் மறுத்தால் வேறு டாக்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன். குமரன் விலகிப்போனாலும் போகட்டும். அது என்னைப் போல இருக்கும், என்னைப் போலப் படிக்கும்.

மறுநாள் அம்மா வந்தாள். பத்து பாகாட்டில் ஒரு தையல் ஆலையில் நூல் வெட்டுகிறாள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் நான்கு பச்சை ஆப்பிள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கன்னத்து வீக்கத்தைப் பார்த்தாள்.

"புருசன் மண்டைய ஒடச்சிட்டியாமே."

நான் கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஒங்கப்பன் கை ஒனக்கு அப்படியே வந்துருக்கு. அதுக்கு டெஸ்டு இருக்கா ஒங்க கிளினிக்குல?"

அம்மா என்னை அடித்தது கிடையாது. அன்று அடித்துவிட்டாள். கார் நிறுத்துமிடமும் வளைந்த குடையும் கண்முன் வந்தன. எனக்கு அவர் இரத்தத்தின் குறையில் ஒரு பாதி வந்தது என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவள் பாக்கெட் கத்தியால் ஆப்பிளைச் சீவினாள். தோல் அறுபடாமல் நீண்டு தொங்கியது. நான் கேட்டேன், "அம்மா, ஒனக்கும் இந்த மாதிரி ஒரு தட்டு காட்டியிருந்தா, நாலு வச்சி, இதுல இது யோகா, இதுக்கு நோய் இருக்குன்னு சொல்லியிருந்தா, நீ என்னை எடுத்திருப்பதானே?"

"யோகான்னு பேரு எழுதியா காட்டுவாங்க?"

"நம்பரு."

"அப்ப எடுத்திருக்க மாட்டேன்."

ஆப்பிள் துண்டை என் வாயருகில் நீட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஒன்னையும் எடுத்திருக்க மாட்டேன், பவானியையும் எடுத்திருக்க மாட்டேன். நீ என்னா வேணும்னாலும் நெனச்சிக்க. ஒங்க ரெண்டு பேரோட காலையும் அமுக்கிப் பிடிச்சது யாரு? மிஸ்ஸிங்க கைய மாத்திக்குவாங்க, நான் மாத்தல. கடைசி நாளு அவ என்ன பாத்து, விடும்மான்னா. ஊசிய விடச் சொல்றாளா, அவளையே விடச் சொல்றாளான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல. நான் விடல. இன்னும் அமுக்கிப் பிடிச்சேன்." நீட்டிய துண்டை அவள் இறக்கவில்லை. "நீ வந்துட்ட. வந்தப்புறம் ஒன்ன விட மாட்டேன், யாரு கேட்டாலும் விட மாட்டேன். வராத புள்ளைய எதுக்குடி கூப்புட்டுக் குத்தணும்?"

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"இருக்கியா?" என்றாள் அம்மா. என் கழுத்துத் தழும்பையும் இடுப்புக் குழாயையும் பைக்குள் சொட்டும் சீழையும் பார்த்தாள். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

நான் ஆப்பிளை வாங்கித் தின்றேன். உடைந்த பல் கூசியது.

மாலையில் குமரன் வந்தான், வாசலிலேயே நின்றான். புருவத்தில் பஞ்சு, கழுத்தில் சிவந்த கொப்புளம். "கேரியர் எங்க? ஒளிச்சு வச்சிட்டீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார இடம் விட்டேன்.

"ஸ்கூல்ல டெஸ்டு எடுத்த அன்னிக்கி எதுக்கு ஓடுன?"

புருவத்துப் பஞ்சைத் தடவினான். "பவானிக்கு நரம்பு தேடுனப்ப நான் வாசல்ல நின்னேன். பதிமூணு வயசு. அந்தச் சத்தம். எனக்கும் அது இருக்குன்னு சொல்லிட்டா என்ன செய்யறதுன்னு ஓடிட்டேன்." பிறகு, "ஒன்ன வேணாம்னு ஸைன் போடலடி. இன்னொரு தடவ வாசல்ல நிக்க முடியாதுன்னு போட்டேன்."

"என்னைக் கேக்காம போட்டது தப்பு."

"தப்புதான்."

"ஒங்கம்மா சொன்னது அதைவிடத் தப்பு."

"அவங்க அங்க வெளிய நிக்கிறாங்க. ஒனக்குத் தலமுடி கொத்தா வந்துருச்சான்னு கேக்குறாங்க."

"அவங்களுக்குத்தான் வந்துச்சு" என்றேன்.

எங்கள் வார்டுப் பெண்களே, போகலாமா என்று கேட்டால், போங்கள் என்பேன். ஆனால் உங்களுக்குப் பதிலாக வேறு யாரையும் முதலில் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஊசியின் இந்தப் பக்கம் இருந்தவள்தான் சொல்ல வேண்டும். அத்தை கேட்டது போல நிறத்துக்கும் உயரத்துக்கும் ஒருநாள் சோதனை வரலாம். அப்போது கேட்கிறவர்களுக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. நான் பதில் சொன்னது ஒரே ஒரு கேள்விக்கு, வராத பிள்ளையைக் கூப்பிட்டுக் குத்தணுமா என்பதற்கு. நான் பழுதான பொருள் என்பதை இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான்காம் எண்ணும் பழுதானதல்ல. அது முதல் தரம்.

தாளைக் கேட்டேன். ரசக்கறை படிந்து சுருண்டிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். காரணம் என்ற இடத்துக்கு வந்தேன். எம்பிரியோ சாக்கிட். அதைப் படித்துத்தானே நேற்று கேரியரை வீசினேன்! நோய் பிடித்த கரு என்று நேற்று படித்தேன். இன்று அதே எழுத்தை வலி என்று படித்தேன். அடிக்கவோ திருத்தவோ எதுவுமில்லை. அந்தச் சொல்லை மட்டும் வட்டமிட்டேன். குமரனின் பெயருக்கு மேலே காலியாக இருந்த இடத்தில், முதல் ஆளாக, என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது மருந்து ஏற்ற மிஸ்ஸி வந்தாள். நேற்று 'அலமாக்' என்று ஓடிவந்தவள்தான். தாளில் வட்டமிட்ட சொல்லைப் பார்த்துவிட்டு, எனக்கு வலிக்கிறது என்று காட்டுவதாக நினைத்துக்கொண்டு, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"சாக்கிட்?"

"சாக்கிட்" என்றேன்.

அவள் போய் வலி மருந்து எடுத்து வந்தாள். கையில் இடம் இல்லை, தொடையில்தான் குத்த வேண்டும். அம்மா தானாக எழுந்து வந்து என் காலை அமுக்கிப் பிடித்தாள்.

"சிக்கிட் யா, டிக்" என்றாள் மிஸ்ஸி. கொஞ்சம்தான், தங்கச்சி.

"பொய்" என்றேன் தமிழில். அம்மா இன்னும் அழுத்திப் பிடித்தாள்.